சூரியப் புயல் வந்தால் தமிழ்நாட்டுக்கு என்ன ஆகும்?

கேள்வி இது: "சூரியப் புயல் அடித்தால் மாதக்கணக்கில் கரண்ட், இன்டர்நெட் எல்லாம் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? நம் ஊருக்கு என்ன பாதிப்பு? மழை பொய்ப்பதற்கும் வெயில் கூடுவதற்கும்கூட சூரியன்தான் காரணம் என்கிறார்களே?"

சூரியப் புயல் கட்டுக்கதை இல்லை. மின்தொகுப்பைச் சாய்த்திருக்கிறது, செயற்கைக்கோள்களைக் கீழே இழுத்து எரித்திருக்கிறது. ஆனால் நிலத்தில் நடந்த பெரிய சேதங்கள் பெரும்பாலும் துருவத்தை ஒட்டிய நாடுகளில்தான். கனடாக்காரரும் ஸ்வீடன்காரரும் பயப்பட வேண்டியதை நாம் அப்படியே வாங்கிப் பயப்படுகிறோம். நம் தலைக்கு மேலே, நமக்கே உரிய வேறொரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

முதலில் வருவது என்ன என்று பார்த்துவிடலாம். ஒரே பெயரில் சொன்னாலும் சூரியனிலிருந்து மூன்று விஷயங்கள் மூன்று வேகத்தில் வருகின்றன. ஃபிளேர் எனப்படும் வெடிப்பிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர் ஒளி வேகத்தில் வருவதால், 15 கோடி கிலோமீட்டரை எட்டே கால் நிமிடத்தில் கடந்துவிடும். அது வந்து சேரும்போதுதான் வெடிப்பு நடந்ததே நமக்குத் தெரியும், முன்னெச்சரிக்கைக்கு வழியே இல்லை. பூமியின் பகல் பக்கத்தில் சிற்றலை வானொலித் தொடர்பு சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரம் வரை அறுந்துபோகும். 2017 செப்டம்பர் 6-ம் தேதி எக்ஸ் 9.3 அளவில் ஒரு ஃபிளேர் வெடித்தது (எக்ஸ்தான் மிக வலுவான வகை). அன்று கரீபியன் தீவுகளை இர்மா சூறாவளி அடித்துக்கொண்டிருந்தது. மீட்புப் பணிக்குச் சிற்றலையை நம்பியிருந்தவர்களுக்கு அந்த நேரம் பார்த்து வானொலி செத்தது.

இரண்டாவது, அதிவேகப் புரோட்டான்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். விண்வெளி வீரர்களுக்கும் செயற்கைக்கோள் மின்னணுக் கருவிகளுக்கும் துருவம் வழியாகப் பறக்கும் விமானங்களுக்கும் இது பிரச்சினை. சென்னையில் மொட்டை மாடியில் நிற்பவருக்கு ஒன்றும் ஆகாது. வளிமண்டலம் தடுத்துவிடும்.

மூன்றாவதுதான் பெரிய ஆள். சூரியனின் வெளிப்புற வளிமண்டலமான கொரோனாவிலிருந்து 100 கோடி டன் அளவுக்குப் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயு, தன் காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு கிளம்பிவரும். கொரோனா உமிழ்வு என்று சொல்லலாம், ஆராய்ச்சியாளர்கள் சுருக்கமாக சிஎம்இ என்பார்கள். பூமிக்கு வர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். அசுர வேகத்தில் வந்தவையும் உண்டு. 1859 செப்டம்பர் 1-ம் தேதி இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் சூரியப் புள்ளிகளைப் படம் வரைந்துகொண்டிருந்தபோது ஒரு வெண்ணிற வெடிப்பைக் கண்டார். பதினேழரை மணி நேரத்தில் பூமியின் காந்தப்புலம் கலங்கியது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லண்டுக்கும் இடையே தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பியில் தானாக ஓடிய மின்சாரத்திலேயே செய்தி அனுப்பினார்கள். அந்தப் புயலைப் பற்றிய முக்கியமான அளவீடுகளில் ஒன்று நம் நாட்டில் எடுக்கப்பட்டது. பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் காந்தமானியின் முள் சுமார் 1,600 நானோடெஸ்லா (காந்தப்புல வலிமையை அளக்கும் அலகு) சரிந்ததை அங்கிருந்தவர்கள் கையால் குறித்து வைத்தார்கள். பிற்காலத்தில் பம்பாயில் மின்சார டிராம் வந்து காந்த அளவீடுகளைக் குழப்பும் என்று ஆய்வகத்தையே அலிபாக்குக்கு மாற்றினார்கள். அந்தப் பழைய நோட்டுகள் மட்டும் பிழைத்துக் கிடந்ததால், ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஆய்வாளர்கள் அதே எண்களை வைத்துப் புயலின் வலிமையைக் கணக்கிட முடிந்தது.

சரி, இந்த நானோடெஸ்லா எவ்வளவு பெரியது? திருநெல்வேலிப் பக்கம் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. 2024 மே 10, 11 தேதிகளில் வந்த புயல், 2003-க்குப் பிறகு வந்த மிகக் கடுமையான புயல்களில் ஒன்று. அது குறைத்தது சுமார் 400. அதாவது ஒரு சதவீதம். உங்கள் கைபேசியில் இருக்கும் திசைகாட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. பிறகு எப்படி ஒரு நாட்டின் மின்சாரம் போகும்?

எவ்வளவு மாறுகிறது என்பதோடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காந்தப்புலம் மாறினால் கடத்தியில் மின்சாரம் பிறக்கும், இது பள்ளிக்கூடப் பாடம். இங்கே கடத்தி என்பது பூமியே. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள உயரழுத்த மின்கம்பிகள் அந்த மின்சாரத்துக்கு வழி கொடுக்கின்றன. அது டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் வழியாக ஏறி, கிட்டத்தட்ட நேர்மின்சாரமாக உள்ளே ஓடும். மாறுமின்சாரத்துக்காகச் செய்யப்பட்ட இரும்பு உள்ளகம் திணறி, சூடேறி, மின் அலையைச் சிதைக்கும். பாதுகாப்பு ரிலேக்கள் ஒவ்வொன்றாக டிரிப் ஆகும். துருவ ஒளி தெரியும் பகுதிகளில், 100 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டம் புயல் நேரத்தில் வெறிபிடித்ததுபோல் ஆடுவதால், அங்கேதான் இந்த வேகமான மாற்றம் அதிகம்.

1989 மார்ச் 13 அதிகாலையில் கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் இதுதான் நடந்தது. சுமார் 90 விநாடியில் மொத்த மின்தொகுப்பும் சரிந்தது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. அடியில் இருப்பது மின்சாரத்தை எளிதில் கடத்தாத பழம்பாறை, மேலே மிக நீளமான 735 கிலோவோல்ட் கம்பிகள். பாறை கடத்தாததைக் கம்பி கடத்தியது. அதே புயலில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் சேலம் என்ற அணுமின் நிலையத்தின் டிரான்ஸ்பார்மர் ஒன்று கெட்டுப்போனது (நம்ம சேலம் இல்லை, பதற வேண்டாம்). 2003 அக்டோபர் 30-ம் தேதி ஸ்வீடனின் மால்மோ நகரில் சுமார் 50,000 பேருக்கு மின்சாரம் போய், ஒரு மணி நேரத்துக்குள் திரும்பியது. கவனித்துப் பாருங்கள்: ஒன்பது மணி நேரம், ஒரு மணி நேரம். மாதக்கணக்கு என்பது பெரிய டிரான்ஸ்பார்மர்கள் கூட்டமாக எரிந்து, மாற்று டிரான்ஸ்பார்மர்கள் கிடைக்காமல் போனால் வரக்கூடிய நிலை. இதுவரை எங்கும் நடந்ததில்லை.

நம் அட்சரேகையில் மின்தொகுப்புக்கான ஆபத்து இதைவிடக் குறைவு. பூஜ்யம் என்று நான் சொல்லமாட்டேன். காரணம், நமக்கு மேலேயும் ஒரு மின்னோட்டம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் கோடு, இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21-ல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் கோடுதான் காரணம். இந்தக் கோட்டுக்கு இருபுறமும் சுமார் மூன்று டிகிரி அகலத்தில், 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் முழுவதும் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. நடுக்கோட்டு மின்தாரை என்று வைத்துக்கொள்ளலாம். பகல் வேளையில் புயலின் முதல் அடி விழும்போது அந்த அதிர்ச்சியை இது பெருக்கிக் காட்டும். அது நம் மின்தொகுப்பை எவ்வளவு தொடும் என்பது இன்னும் ஆராயப்பட்டுக்கொண்டிருக்கும் விஷயம். இதைக் கவனிப்பதற்கென்றே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருக்கிறது.

நமக்கே உரிய சிக்கல் என்றேனே, அது சூரியன் மறைந்த பிறகு தொடங்குகிறது.

பகலில் சூரியனின் புற ஊதாக் கதிர் மேல் வளிமண்டலத்தில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து அயனிமண்டலத்தை உண்டாக்குகிறது. காந்த நடுக்கோட்டில் அந்த எலக்ட்ரான் கூட்டம் மேலே தள்ளப்பட்டு, காந்தக் கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் வழிந்து, சுமார் 15 டிகிரி தள்ளிப்போய்க் குவிகிறது. மாலையில் கீழ் அடுக்கு சீக்கிரமாகக் கரைந்துவிடும், மேல் அடுக்கு அடர்த்தியாகவே நிற்கும். அடர்த்தி குறைந்தது அடியில், கூடியது மேலே. தண்ணீருக்கு அடியில் மாட்டிக்கொண்ட எண்ணெய் மேலே கிளம்புவதுபோல, அடர்த்தி குறைந்த குமிழிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பும். பிளாஸ்மா குமிழிகள் என்று இதற்குப் பெயர். ஜிபிஎஸ் சிக்னல் இதைக் கடந்து வரும்போது மினுக்கி, விட்டு விட்டு வரும். ரிசீவர் அந்தச் செயற்கைக்கோளைத் தவறவிட்டுவிடும்.

சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும், மாலை ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை இது சகஜம். புயலே வேண்டியதில்லை. கூகுள் மேப்பில் ஆட்டோ பிடிப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சென்டிமீட்டர் துல்லியம் வேண்டியவர்களுக்குத் தெரியும். நிலம் அளக்கும் ரோவர் கருவி ஃபிக்ஸ் (துல்லியமான இடம்) பிடிக்காமல் ஃப்ளோட்டிலேயே (தோராய இடத்திலேயே) நிற்கும்போது, பலர் கருவியைத்தான் திட்டுகிறார்கள். விமானங்களை வழிநடத்த இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ககன் அமைப்பை உருவாக்கியபோது, அமெரிக்காவில் ஓடும் முறையை அப்படியே எடுத்துப் போட முடியாமல், இந்தியாவுக்கென்று தனி அயனிமண்டல மாதிரி எழுத வேண்டி வந்ததும் இதனால்தான்.

இதற்கு மேல் புயலும் வந்தால்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. புயலின் மின்புலம் நம் மாலை வேளையில் உள்ளே புகுந்தால் குமிழிகள் வீறுகொண்டு எழும். அதே புயல் சில மணி நேரம் கழித்து, மேல் வளிமண்டலக் காற்றோட்டத்தை மாற்றி, குமிழிகளே வராமல் அமுக்கிவிடவும் கூடும். ஒரே புயல், அடிக்கும் நேரத்தைப் பொறுத்து நமக்குக் கெடுதலாகவும் இருக்கலாம், அமைதியான இரவாகவும் முடியலாம். 2024 மே 10 புயல் பூமியைத் தொட்டபோது இந்திய நேரம் இரவு பத்தரை மணியைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் அப்போது பகல், மக்காச்சோள விதைப்புக் காலம். ஜிபிஎஸ் வைத்து நேர்கோட்டில் ஓடும் டிராக்டர்கள் தடுமாறி, பல விவசாயிகள் விதைப்பை நிறுத்தி வைத்தார்கள். நமக்கு அன்று கிடைத்தது லடாக்கின் ஹான்லேயில் வானத்தில் தெரிந்த செந்நிற ஒளி. படங்கள் அழகாக இருந்தன, தொலைக்காட்சிகள் அதோடு விட்டுவிட்டன.

இன்டர்நெட் விஷயத்துக்கு வருவோம். இந்தப் பீதியின் மூலம் 2021-ல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த சங்கீதா அப்து ஜோதி எழுதிய ஆய்வுக் கட்டுரை. தலைப்பிலேயே இணையப் பேரழிவு என்று இருந்தது, அப்புறம் ஊடகங்களுக்குக் கேட்கவா வேண்டும். கடலடிக் கேபிளில் ஓடும் ஒளியைப் புயல் ஒன்றும் செய்யாது. ஒளி மங்காமல் இருக்க ஐம்பது, நூறு கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பொருத்தியிருக்கும் ரிப்பீட்டர்களுக்கு மின்சாரம் கொடுக்க உள்ளே ஒரு செம்புக் கடத்தி உண்டு, கவலை அதைப் பற்றித்தான். அந்த ஆய்வே அமெரிக்காவை வட ஐரோப்பாவோடு இணைக்கும் கேபிள்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்றும், ஆசியக் கேபிள்களுக்குக் குறைவு என்றும் சொல்கிறது. 1989 புயலிலேயே அட்லாண்டிக் கடலடிக் கேபிளில் நூற்றுக்கணக்கான வோல்ட் கூடுதலாக ஏறியது, கேபிள் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கேரிங்டன் அளவுப் புயலை இன்றைய கேபிள்கள் சந்தித்ததில்லை என்பதால் அந்த ஆய்வு கேட்பது நியாயமான கேள்வி. சென்னைக் கடற்கரையில் இறங்கும் கேபிள்களைப் பொறுத்தவரை, நங்கூரம் இழுத்து அறுப்பதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவேன்.

செயற்கைக்கோள்களுக்கு அட்சரேகை விலக்கு கிடையாது. 2022 பிப்ரவரி 3-ம் தேதி ஸ்பேஸ்எக்ஸ் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை ஏவி, முதலில் 210 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தியது. வந்தது சாதாரணப் புயல்தான். அது மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி உப்ப வைத்தது, காற்றின் இழுவை கூடியது, 38 செயற்கைக்கோள்கள் மேலே ஏற முடியாமல் விழுந்து எரிந்தன. சின்னப் புயல் பெரிய நட்டம் கொடுத்த கதை இது.

இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல முடியாதா என்றால், பாதி முடியும். உமிழ்வு கிளம்பியதைத் தொலைநோக்கிகள் பார்த்துவிடும். எப்போது வரும் என்பதைச் சராசரியாகப் பத்து மணி நேரம் முன்னே பின்னே கணித்துவிடலாம். வந்து என்ன செய்யும் என்பதுதான் தெரியாது. உமிழ்வு சுமந்து வரும் காந்தப்புலம் வடக்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தக் கவசம் அதைப் பெரும்பாலும் ஒதுக்கித் தள்ளிவிடும். தெற்கு நோக்கி இருந்தால் இரண்டும் முட்டி, பின்னி, கதவு திறந்துகொள்ளும். 1961-லேயே இயற்பியலாளர் ஜேம்ஸ் டஞ்சி சொன்ன இந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. அந்தத் திசையை இப்போதைக்கு நம்பகமாக அளக்க ஒரே வழி, அதன் பாதையில் ஒரு கருவியை நிறுத்துவது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டரில் இருக்கும் எல்1 புள்ளியில் அப்படிச் சில விண்கலங்கள் நிற்கின்றன. 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6-ல் போய்ச் சேர்ந்த ஆதித்யா எல்1 அவற்றில் ஒன்று. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. விநாடிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும் புயல் அந்த இடத்திலிருந்து பூமியைத் தொட அரை மணி நேரம்தான் ஆகும். ஆக, மூன்று நாள் முன்பே புயல் வருகிறது என்று தெரியும், அது கடிக்குமா என்பது அரை மணி நேரம் முன்புதான் தெரியும். "நாளை பயங்கரச் சூரியப் புயல்" என்று அடித்துச் சொல்லும் செய்திகளை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவே காரணம்.

இடையிலுள்ள அந்த மூன்று நாள் பயணத்தைக் கவனிக்கும் ஒரு கருவி நம் ஊட்டியிலேயே இருக்கிறது. 530 மீட்டர் நீளமுள்ள ஊட்டி வானொலித் தொலைநோக்கியை, 11 டிகிரி சரிவுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக இருக்கும்படி வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டினார்கள். தொலைதூர வானொலி மூலங்கள், சூரியனிலிருந்து எப்போதும் வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றின் குறுக்கே மினுக்குவதை வைத்து, உமிழ்வு எங்கே வந்துகொண்டிருக்கிறது, எவ்வளவு வேகம் என்று சொல்ல முடியும். அதே ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற அண்டக்கதிர் ஆய்வகம் இருக்கிறது. 2015 ஜூன் 22-ம் தேதி ஒரு புயலின்போது சுமார் இரண்டு மணி நேரம், அண்டக்கதிரால் வளிமண்டலத்தில் பிறக்கும் மியூவான் துகள்கள் வழக்கத்தைவிட அதிகமாக வந்ததை அது பதிவு செய்தது. பூமியின் காந்தக் கவசம் தற்காலிகமாக நலிந்ததன் அறிகுறி என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். "பூமியின் கவசத்தில் ஓட்டை" என்று தலைப்பு போட்டன பத்திரிகைகள்.

கடைசிக் கேள்வி மழையும் வெயிலும். இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை, கொடைக்கானல் சூரிய ஆய்வகம் அங்கே இருப்பதே இந்தச் சந்தேகத்தால்தான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள். சூரியப் புள்ளிகள் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதும் மழை பொய்ப்பதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று பிரிட்டிஷ் வானியலாளர் நார்மன் லாக்கியர் போன்றவர்கள் அப்போது எழுதினார்கள். சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையும் சேர்ந்து, 1899-ல் கொடைக்கானலில் ஆய்வகம் எழுந்தது. 1909-ல் அங்கே ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகம் இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கிறது. நூறு ஆண்டைத் தாண்டிய அந்தச் சூரியப் படங்கள் இப்போது டிஜிட்டலாக்கப்பட்டு, சூரியச் சுழற்சியை ஆராய்பவர்களுக்குப் பொக்கிஷமாக இருக்கின்றன.

பஞ்சத்துக்கான பதில் மட்டும் சூரியனில் கிடைக்கவில்லை. இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜ் கணித மாணவர், எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பாதவர். சூரியப் புள்ளி எண்ணிக்கையை உலகெங்கும் உள்ள மழை, வெப்பம், காற்றழுத்தக் கணக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தொடர்பு மிகப் பலவீனமாக இருந்தது. ஆனால் அதே கணக்குகளுக்குள் பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் ஊசலாட்டம் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அதுதான் பிற்காலத்தில் எல் நினோவோடு, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவதோடு, இணைத்துப் பார்க்கப்பட்டது. 1877-78-ல் இருந்தது மிக வலுவான எல் நினோ என்று இன்று தெரியும்.

வெயில் கூடுவதற்கும் இதே மாதிரி கணக்கு இருக்கிறது. பூமிக்கு வரும் சூரிய ஆற்றல் சதுர மீட்டருக்கு சுமார் 1,361 வாட். 11 ஆண்டுச் சுழற்சியில் அது ஏறி இறங்குவது 0.1 சதவீதம், அதனால் உலக வெப்பநிலையில் வரும் மாற்றமும் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். 1978 முதல் செயற்கைக்கோள்கள் இதை அளந்து வருகின்றன. இந்தக் காலத்தில் சூரியன் சுழற்சிக்குச் சுழற்சி பிரகாசமாகவில்லை, பூமி மட்டும் சூடாகியிருக்கிறது. சூரியன் காரணமாக இருந்தால் வளிமண்டலம் கீழிருந்து மேல்வரை சூடேற வேண்டும். நடப்பது வேறு: கீழ் அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது. கரியமில வாயு கூடும்போது எதிர்பார்க்க வேண்டியது அதைத்தான்.